கோட்டை விட்ட கதை

திண்டிவனத்தில் செஞ்சி பஸ்ஸில் ஏறியபோது எனக்குக் கிடைத்தது மூன்று பேர் உட்காரும் ஆசனத்தின் நடுப்பாகம். ஜன்னல் ஓரத்தை ஒரு பையன் முன்பே பிடித்துக்கொண்டிருந்தான். ஒன்பதாவதோ பத்தாவதோ படிப்பவனாக இருக்கலாம். மடியில் இங்கிலீஷ் இலக்கண நோட்டு. வெளியே பார்ப்பதும், நோட்டைப் பார்ப்பதும், பெருமூச்சு விடுவதுமாக இருந்தான்.

டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டரிடம், "அண்ணே, என்னை வல்லத்துலே இறக்கி விடுங்க. போன தடவை மறந்துட்டீங்க" என்றான். கண்டக்டர் அந்தக் குற்றச்சாட்டைக் காதில் வாங்காதவர்போல நகர்ந்துவிட்டார். பையன் மறுபடியும் நோட்டைப் பார்த்தான். பிறகு என் மூக்குக் கண்ணாடியைப் பார்த்தான். மூக்குக் கண்ணாடி அணிந்தவர்களுக்கு இங்கிலீஷ் தெரியும் என்ற நம்பிக்கை நம் நாட்டில் இன்னும் மறையவில்லை.

"சார், ஒரு சந்தேகம். 'லெட் ஆஃப்'னா என்ன அர்த்தம்?"

"எதற்குக் கேட்கிறாய், தம்பி?"

"எங்க டீச்சர் மூணு வாக்கியம் எழுதிப் போட்டாங்க சார். பையன்கள் பட்டாசு வெடிச்சாங்க, அதுக்கு 'லெட் ஆஃப்'. லேட்டா வந்த பையனை ஹெட்மாஸ்டர் எச்சரிச்சு அனுப்பிட்டார், அதுக்கும் 'லெட் ஆஃப்'. பஸ்காரர் ஒருத்தரை வழியிலே இறக்கினார், அதுக்கும் அதேதான். வெடிக்கிறதும், மன்னிக்கிறதும், இறக்குறதும் எப்படி சார் ஒரே வார்த்தை ஆகும்?"

நல்ல கேள்வி. இங்கிலீஷ் கற்கிற நம்மவர்களைப் பாடாய்ப் படுத்துவது அந்தப் பாஷையின் பெரிய சொற்கள் அல்ல. பெரிய சொல்லுக்கு அகராதியில் ஓர் அர்த்தம் இருக்கும், பார்த்தால் தீர்ந்தது. படுத்துவதெல்லாம் 'லெட்', 'கெட்', 'புட்' போன்ற பொடிச் சொற்களும், அவற்றின் வாலில் ஒட்டிக்கொள்ளும் 'அப்', 'ஆஃப்', 'அவுட்' முதலிய இன்னும் பொடியான சொற்களுந்தான். தலை ஒன்றே, வால் மாறினால் பிராணியே மாறிவிடும். 'லெட் டவுன்' என்றால் நம்பினவரைக் கைவிடுவது. 'லெட் அவுட்' என்றால் வெளியே விடுவது. 'லெட் ஆஃப்' என்றால் பையன் சொன்ன மூன்றும். போதாதற்கு, வீட்டின் ஒரு பகுதியைப் பிரித்து வாடகைக்குக் கொடுப்பதையும் அப்படிச் சொல்வதுண்டு.

"நீ இப்போது கண்டக்டரிடம் என்ன சொன்னாய்?" என்று கேட்டேன்.

"இறக்கி விடுங்கன்னேன்."

"தீபாவளிக்கு வாணத்தை என்ன செய்வாய்?"

"விடுவேன்."

"லேட்டாகப் போனால் உன் ஹெட்மாஸ்டர் என்ன சொல்வார்?"

"'போ, இந்தத் தடவை விட்டேன்'னு..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திவிட்டுச் சிரித்தான். "அட! எல்லாமே 'விடு' தானா சார்!"

எல்லாமே 'விடு' தான். அம்பு விடுகிறோம், தூது விடுகிறோம், நிலத்தைக் குத்தகைக்கு விடுகிறோம். மணி அடித்தால் பள்ளிக்கூடம் விடுகிறது. விடுகதையும் விடுதலையும் விடுமுறையும் அதே வீட்டுப் பிள்ளைகள். ஏதோ ஒன்று ஒரு பிடியில் இருக்கிறது, பிடி தளர்கிறது, இருந்தது விலகிப் போகிறது. வாணத்துக்குள் இருக்கும் மருந்தின் வேகமானாலும் சரி, தண்டிக்க வேண்டிய கைக்குள் இருக்கும் குற்றவாளியானாலும் சரி, பஸ்ஸுக்குள் அடைபட்ட பிரயாணியானாலும் சரி. இங்கிலீஷ்காரன் ஒரு வழியாகப் போய்ச் சேர்ந்த இடத்துக்குத் தமிழன் வேறு வழியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறான்.

வல்லம் வந்தது. இந்தத் தடவை கண்டக்டர் மறக்கவில்லை. பையன் இறங்கிப் போனான். ஜன்னல் ஓரம் எனக்குக் கிடைத்தது. செஞ்சியின் பாறைக் குன்றுகள், யாரோ ஒரு ராட்சசன் கூடை கூடையாய்க் கல்லைக் கொட்டி வைத்தாற்போல, நெருங்கி வரத் தொடங்கின. அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. பையனுக்கு நான் பாதிப் பாடந்தான் சொல்லியிருந்தேன். மீதிப் பாதி அதோ அந்த ராஜகிரியின் உச்சியில் இருந்தது.

1689-ஆம் வருஷத்தின் இறுதியில் ராஜாராம் செஞ்சிக்கு வந்து சேர்ந்தான். சிவாஜியின் இளைய குமாரன், வயது பத்தொன்பது. அண்ணன் சம்பாஜியை அந்த வருஷம் மார்ச் மாதத்தில் ஔரங்கசீப் சித்திரவதை செய்து கொன்றிருந்தான். தலைநகரான ராய்கட் விழுந்தது. அண்ணன் மனைவி யேசுபாயும் அவளுடைய சிறு பிள்ளை ஷாஹுவும் மொகலாயர் கையில் அகப்பட்டார்கள். ராஜாராம் வேஷம் மாறி, யாத்திரீகனைப்போல, சில துணைவர்களோடு தெற்கே ஓடிவந்தான். ஓடி ஒளிய ஓர் இடம் வேண்டும் என்று தகப்பன் முன்கூட்டியே யோசித்து வைத்தாற்போல, 1677-இல் சிவாஜி பிடித்துப் பலப்படுத்திய செஞ்சிக்கோட்டை இங்கே காத்திருந்தது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகள். மூன்றையும் முக்கோணமாக வளைத்துப் பெரிய மதில். சில வருஷங்களுக்கு மராட்டிய ராஜ்யத்தின் தலைநகரே நம் செஞ்சிதான் என்றால், இன்று அங்கே ஆடு மேய்ப்பதைப் பார்க்கிறவர்களுக்கு நம்புவது கஷ்டம்.

ராஜா இருந்தான், கோட்டை இருந்தது, பணந்தான் இல்லை. பணமில்லாத ராஜா என்ன செய்வான்? கையில் இருப்பதை விற்பான். கடலூருக்குப் பக்கத்தில் தேவனாம்பட்டினம் என்ற இடத்தில் ஒரு சிறு கோட்டை இருந்தது. டச்சுக்காரர்களுக்கும் அதன்மேல் கண். சென்னைக் கவர்னர் எலிஹு யேல் என்பவர் முந்திக்கொண்டார். பிற்காலத்தில் அமெரிக்காவிலுள்ள பெரிய சர்வகலாசாலைக்குத் தம் பெயரைக் கொடுத்த அதே யேல் துரைதான். 1690-இல் பேரம் முடிந்தது.

அந்தப் பேரத்தில் ஒரு விசித்திரமான நிபந்தனை. கோட்டையோடு சுற்றுப்புறத்து நிலமும் இங்கிலீஷ்காரர்களுக்கு. எவ்வளவு நிலம்? கோட்டையிலிருந்து ஒரு பீரங்கியைச் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு! இங்கிலீஷ் பத்திரத்தில் எழுதியிருந்த சொல் 'ராண்டம் ஷாட்' என்பது. இன்றைக்கு 'ராண்டம்' என்றால் குறியில்லாமல், மனம்போனபடி என்று அர்த்தம். அக்காலத்துப் பீரங்கிக்காரர்களின் பாஷையில் அது வேறு. குழாயை மட்டமாக வைத்து நேரே சுடுவது ஒன்று. குழாயின் வாயை மேலே தூக்கி, குண்டு எவ்வளவு தூரம் போகக்கூடுமோ அவ்வளவு தூரம் போகும்படி சுடுவது மற்றொன்று. இந்த இரண்டாவதுதான் 'ராண்டம்'. மனம்போனபடிதான், ஆனால் யாருடைய மனம் என்பதுதான் கேள்வி.

சென்னையில் இருந்தவர்களுக்கு இந்தக் கேள்விக்குப் பதில் நன்றாகத் தெரிந்திருந்தது. எந்தப் பீரங்கி என்று பத்திரம் சொல்லவில்லை. ஆகவே நன்றாகச் சுடக்கூடிய பீரங்கியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். மருந்து கெட்டிப்பதும் சுடுவதும் பீரங்கிக்காரனுடைய கைத்திறமை. அந்தத் திறமையை லாபகரமாக உபயோகித்துக்கொள்ள வேண்டும் என்கிற தோரணையில் அறிவுரை போயிற்று. சுட்டார்கள். நாலா திசையிலும் சுட்டார்கள். 'லெட் ஆஃப்' ஆன குண்டுகள் போய் விழுந்த எல்லைக்குள் கடலூர்ப் பட்டணமும் பல கிராமங்களும் அடங்கின. 'குண்டு கிராமங்கள்' என்று அவற்றுக்குப் பெயரே வந்துவிட்டது.

அந்தக் கிராமத்துக் குடியானவனை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். காலையில் ஏர் ஓட்டும்போது அவன் செஞ்சி ராஜாவின் குடி. தூரத்தில் ஒரு சத்தம் கேட்கிறது. தலைக்கு மேலே ஏதோ போகிறது. மாலையில் மாட்டை அவிழ்க்கும்போது அவன் கும்பினியின் குடி. அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாணம் விடுகிறவனுக்கு, அது யார் வீட்டுக் கூரையில் விழும் என்ற கவலை கிடையாது. அந்தக் கோட்டைக்கு டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தார்கள். 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது, சோழமண்டலக் கரையில் இங்கிலீஷ்காரர்களின் தலைமையிடமாக இருந்தது அதுதான். சென்னையிலிருந்து தப்பி வந்த ராபர்ட் கிளைவ் என்ற குமாஸ்தா ஒதுங்கியதும் அங்கேதான். பணமுடையில் இருந்த ஒரு ராஜா விட்டுக்கொடுத்தது எவ்வளவு தூரம் போயிற்று, பார்த்தீர்களா? எந்தப் பீரங்கியும் அவ்வளவு தூரம் சுட்டதில்லை.

இது முதல் 'லெட் ஆஃப்'. இரண்டாவது 'லெட் ஆஃப்' செஞ்சி மலைமேலேயே நடந்தது.

அதே 1690-இல் ஔரங்கசீப்பின் சேனாதிபதி ஜுல்பிகார்கான் செஞ்சியை வந்து முற்றுகையிட்டான். ஒரு வருஷம் போயிற்று. இரண்டு வருஷம் போயிற்று. கோட்டை விழவில்லை. பாதுஷா தம் பிள்ளை காம்பக்ஷையும், ஜுல்பிகாரின் தகப்பனும் தம் மந்திரியுமான ஆசாத்கானையும் உதவிக்கு அனுப்பினார். வந்த இளவரசன் கோட்டைக்குள்ளிருந்த ராஜாராமோடு ரகசியக் கடிதப் போக்குவரத்து வைத்துக்கொண்டான். சேனாதிபதி பாதுஷாவின் பிள்ளையையே காவலில் வைத்தான். வெளியிலிருந்து சந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் என்ற இரண்டு மராட்டியத் தளபதிகள் புயல்போல வந்து, முற்றுகையிட்டவர்களையே முற்றுகையிட்டார்கள். 1693-ஆம் வருஷத் தொடக்கத்தில் ஜுல்பிகார் வந்தவாசிக்குப் பின்வாங்கினான். மறுபடியும் வந்தான். நடுவே தஞ்சாவூருக்குப் போய்க் கப்பம் வசூலித்தான். திரும்பவும் வந்தான். இப்படி ஏழு வருஷத்துக்கு மேல் ஓடிற்று.

இவ்வளவு காலம் ஏன் பிடித்தது? மலை உயரம், மதில் பெரிது, மழை, தானியப் பஞ்சம், மராட்டியக் குதிரைகளின் தொல்லை. எல்லாம் உண்மையான காரணங்களே. ஆனால் முற்றுகைப் பாசறையில் மொகலாயர் பக்கமே சேவகம் பார்த்த பீம்சேன் என்பவர் தம் பாரசீக நினைவுக் குறிப்பில் வேறு காரணம் சொல்கிறார்: சேனாதிபதி மனம் வைத்திருந்தால் கோட்டையைச் சீக்கிரமே பிடித்திருக்கலாம், யுத்தத்தை இழுத்தடிப்பதுதான் சேனாதிபதிகளுக்கு லாபம் என்கிறார். பாதுஷாவுக்கோ வயது எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. அவர் கண்ணை மூடினால் பிள்ளைகளுக்குள் சண்டை வரும். அந்தச் சமயம் தெற்கே தனக்கென்று ஓர் இடமும், ராஜாராமைப்போல ஒரு சிநேகிதனும் இருந்தால் நல்லதுதானே என்று ஜுல்பிகார் கணக்குப் போட்டதாக அக்காலத்திலேயே பேச்சு இருந்தது. செஞ்சியின் சரித்திரத்தை 1943-இல் தனி நூலாக எழுதிய பேராசிரியர் சி. எஸ். ஸ்ரீநிவாசாச்சாரியார் போன்றவர்கள் இந்தச் சாட்சியங்களையெல்லாம் பொறுமையாக அலசியிருக்கிறார்கள்.

கடைசியில் பாதுஷாவின் பொறுமை தீர்ந்துபோன செய்தி சேனாதிபதிக்கு எட்டியது. இனிமேல் கோட்டையைப் பிடிக்காமல் தீராது. 1698-ஆம் வருஷத் தொடக்கத்தில் செஞ்சி விழுந்தது. ஆனால் விழுவதற்குச் சற்று முன்னால் கூட்டுக்குள் இருந்த பறவை பறந்துவிட்டது! ராஜாராம் வேலூர் வழியாக மகாராஷ்டிரம் போய்ச் சேர்ந்தான். மொகலாயப் படையிலேயே இருந்த சிர்க்கே குடும்பத்து மராட்டியர்கள் இதற்கு உதவினார்கள் என்றும், அதற்கு விலையாக ராஜாராமின் காரியஸ்தன் கண்டோ பல்லாள் தன் மானியத்தை விட்டுக்கொடுத்தான் என்றும் மராட்டியர் மரபு சொல்கிறது. சேனாதிபதிக்குத் தெரியாமல் இதெல்லாம் நடந்திருக்குமா? ஜுல்பிகார்கான் ராஜாராமை 'விட்டுவிட்டான்' என்றே பெரும்பாலோர் நினைத்தார்கள். பாதுஷா என்ன நினைத்தாரோ, கோட்டைக்குச் சேனாதிபதியின் பட்டப்பெயரால் 'நஸ்ரத்கட்' என்று நாமகரணம் செய்தார்.

இப்போது அந்த இங்கிலீஷ் பிரயோகத்தைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். 'ராஜாராம் வாஸ் லெட் ஆஃப்' என்று சொன்னால் இலக்கணம் பூர்த்தியாகிவிடுகிறது. விடப்பட்டான். யாரால் விடப்பட்டான்? சொல்ல வேண்டிய அவசியமே இல்லை! அதிகாரத்தில் இருக்கிறவர்களுக்கு இதைவிடச் சௌகரியமான வாக்கியம் வேறு உண்டா? திருடன் விடப்படுகிறான், கடன்காரன் விடப்படுகிறான், ராஜா விடப்படுகிறான். விட்டவன் வாக்கியத்துக்கு வெளியே நின்று மீசையைத் தடவிக்கொண்டிருக்கிறான்.

இன்னொன்றையும் அந்த வாக்கியம் மறைக்கிறது. அது தப்பினவனைப் பற்றி மட்டும் பேசுகிறது. தப்பாதவர்களை அது பார்ப்பதே இல்லை. ராஜாராம் வேலூர்ப் பாதையில் போய்க்கொண்டிருக்கையில் ராஜகிரியில் அவன் குடும்பத்தார் இருந்தார்கள். கோட்டை விழுந்ததும் அவர்கள் மொகலாயர் கையில் அகப்பட்டார்கள். ராஜாவுக்காக ஏழு வருஷம் மதிலில் நின்ற சிப்பாய்களும் இருந்தார்கள். அவர்கள் பெயர் எந்த நினைவுக் குறிப்பிலும் இல்லை.

இந்த இடத்தில்தான் நம் தமிழ்ச் சொல் இங்கிலீஷ் சொல்லை ஒரு படி மிஞ்சுகிறது. சேனாதிபதி ராஜாவை 'விட்டுவிட்டான்'. ராஜா தன் மனிதர்களை 'விட்டுவிட்டுப் போனான்'. இரண்டும் ஒரே சொல்! மன்னிப்பும் கைவிடுதலும் நம் பாஷையில் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன. ஒருவனை விட்டோம் என்று சொல்லும்போதே, யாரை விட்டுவிட்டு என்ற கேள்வி பின்னாலேயே வந்து நிற்கிறது. இங்கிலீஷில் அந்தக் கேள்வியைக் கேட்க வேறு சொல்லைத் தேட வேண்டும்.

கதை இதோடு முடிந்திருந்தால் ஜுல்பிகார்கானைக் கொஞ்சம் இரக்கமுள்ள மனிதன் என்றே நினைத்திருக்கலாம். ஆனால் 'விடுவதில்' அவன் மகா நிபுணன். ராஜாராம் 1700-இல் சிங்ககட் கோட்டையில் இறந்தான். அவன் மனைவி தாராபாய் தன் பிள்ளையின் பெயரால் ராஜ்யத்தை நடத்தினாள். 1707-இல் ஔரங்கசீப் காலமானார். ராய்கட்டில் பிடிபட்ட சிறுவன் ஷாஹு, பதினேழு வருஷத்துக்கு மேல் மொகலாயர் காவலில் வளர்ந்து வாலிபனாகியிருந்தான். அவனை விட்டுவிடலாம் என்று இளவரசன் ஆசமுக்கு யோசனை சொன்னவன் நம் ஜுல்பிகார்தான்! காரணம்? அவன் ஊருக்குப் போனால் சித்திக்கும் மகனுக்கும் சண்டை வரும். மராட்டியர் இரண்டாகப் பிரிவார்கள். அப்படியே நடந்தது. பீரங்கியை 'லெட் ஆஃப்' செய்வதும் கைதியை 'லெட் ஆஃப்' செய்வதும் ஒரே சொல்லானது எப்படி என்று பையன் கேட்டானே, ஷாஹுவின் விடுதலையைவிட நல்ல உதாரணம் கிடைக்குமா? விடப்பட்ட கைதியே விடப்பட்ட குண்டு!

அந்த நிபுணனுடைய முடிவையும் கேளுங்கள். ஔரங்கசீப்பின் பேரன் ஜஹாந்தர்ஷாவை 1712-இல் சிம்மாசனத்தில் ஏற்றி, ஜுல்பிகார் முதல் மந்திரியானான். மறு வருஷமே பரூக்சியர் என்ற மற்றோர் இளவரசன் ஆக்ராவுக்குப் பக்கத்தில் ஜஹாந்தரை முறியடித்தான். தோற்ற பாதுஷா டில்லிக்கு ஓடிவந்து ஆசாத்கானிடம் அடைக்கலம் புகுந்தார். தகப்பனும் பிள்ளையும் அவரைக் காவலில் வைத்தார்கள். பழைய எஜமானனைக் கொடுத்துவிட்டால் புது எஜமானன் தங்களை விட்டுவிடுவான் என்று கணக்கு. வயோதிகத் தகப்பன் சொல்லை நம்பி ஜுல்பிகார் புதுப் பாதுஷாவின் பாசறைக்குப் போனான். உபசாரமாக வரவேற்றார்கள். பிறகு கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். ஆயுள் முழுவதும் மற்றவர்களை விடுவதையும் பிடிப்பதையும் சொக்கட்டான் காய்போல ஆடியவன், தன் முறை வந்தபோது விடுவார்கள் என்று நம்பிவிட்டான்.

செஞ்சிக்கு அதற்கடுத்த வருஷம் வேறொரு கதை வாய்த்தது. மொகலாயரிடம் செஞ்சியைப் பெற்ற புந்தேலத் தலைவன் சரூப்சிங்கின் பிள்ளை தேஜ்சிங், நாம் தேசிங்கு ராஜா என்று கொண்டாடுகிறவன், ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகான் கேட்ட பாக்கிப் பணத்தைக் கொடுக்க மறுத்து, சிறு படையோடு போய் 1714-இல் மாண்டான். ஏழு வருஷத்துக்கு மேல் கோட்டையில் இருந்து, தப்பியும் போன ராஜாராமைப் பற்றி நம் ஊரில் யாரும் பாடவில்லை. சில நாழிகைச் சண்டையில் செத்த தேசிங்குக்குக் கதைப்பாட்டு உண்டு. நம் ஜனங்களுக்குச் சரித்திரம் தெரியாது என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் விட்டவன் யார், விடாதவன் யார் என்று அவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்.

மறுநாள் காலையில் ராஜகிரிக்கு ஏறினேன். 2025-ஆம் வருஷம் யுனெஸ்கோ மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியே அதில் இடம் பெற்றது செஞ்சி ஒன்றுதான். உச்சியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, கீழே ஒருவர் தம் சிநேகிதரிடம், "ஏழு மணி பஸ்ஸைக் கோட்டை விட்டுட்டேன்யா, அதான் லேட்டு" என்று சொல்லிக்கொண்டே படி ஏறி வந்தார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கோட்டை விடுவது என்றால் கைக்கு எட்டியதை அஜாக்கிரதையால் இழப்பது. இந்தப் பிரயோகம் செஞ்சியில்தான் பிறந்தது என்று நான் வாதாட வரவில்லை. ஆனாலும், அதைக் கேட்க இதைவிடப் பொருத்தமான இடம் எது?

வல்லத்துப் பையனை மறுபடியும் பஸ்ஸில் சந்தித்தால் மீதிப் பாடத்தையும் சொல்லிவிடுவேன். தம்பி, 'லெட் ஆஃப்' என்ற சொல்லை எங்கே கண்டாலும் அர்த்தத்தோடு நிறுத்திக்கொள்ளாதே. விட்டது யார், எதற்காக விட்டார், யாரை விட்டுவிட்டு என்று மூன்று கேள்வி கேள். பரீட்சையில் இதற்கு மார்க் கிடைக்காது. ஆனால் பின்னால் பத்திரிகை படிக்கும்போதும், பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போதும் உதவும்.